காரியின் நாட்டிலிருந்து டெல்லியைப் பார்த்தால்

சென்னையிலிருந்து திருச்சிக்குப் பஸ்ஸில் போகிறவர்களுக்கு உளுந்தூர்பேட்டை என்றால் சுங்கச்சாவடி, மோட்டல், சேலத்துக்குப் பிரிகிற சாலை. ஊரை ஒட்டி ஒரு பழைய விமான ஓடுதளம் கிடப்பது வெளியூர்க்காரர்களில் பலருக்குத் தெரியாது. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷார் போட்டது அது. கயத்தாறு, செட்டிநாடு, சோழவரம் என்று அந்தக் காலத்து ஓடுதளங்கள் தமிழ்நாட்டில் இன்னும் சில உண்டு. சோழவரத்துக்காவது பிற்பாடு கார் பந்தயம் வந்து பெயர் வாங்கித் தந்தது. உளுந்தூர்பேட்டைக்கு அதுவும் இல்லை. சிறு நகரங்களுக்கு விமானம் விடும் ‘உடான்’ திட்டத்தின் பட்டியலில் பெயர் ஏறியது, விமானம்தான் வந்தபாடில்லை.

அந்த ஓடுதளத்தைப் போடலாமா என்று அன்றைக்கு இங்கே யாரையும் கேட்கவில்லை. ஓடுதளத்தை விடுங்கள், போருக்குப் போகலாமா என்றே கேட்கவில்லை. 1939 செப்டம்பர் 3-ம் தேதி வைஸ்ராய் லின்லித்கோ, இந்தியாவும் போரில் இறங்கிவிட்டதாக அறிவித்தார். மாகாணங்களில் ஆட்சியில் இருந்த காங்கிரஸ் அமைச்சரவைகளிடம்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதைக் கண்டித்து அந்த அமைச்சரவைகள் பதவி விலகின. சென்னை மாகாணத்தில் ராஜாஜி அக்டோபர் கடைசியில் விலகினார். போர் முடியும்போது ஏறக்குறைய 25 லட்சம் இந்தியர்கள் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் இருந்தார்கள்.

அணிசேராக் கொள்கையை நேருவின் கனவு என்பார்கள்; மேடைக்கு நன்றாக இருக்கும் பேச்சு என்பார்கள். அதன் வேர் இந்தக் கசப்பில் இருக்கிறது என்பதே என் எண்ணம். மண் நம்முடையது, ஆள் நம்முடையவன், போர் மட்டும் அடுத்தவருடையது என்ற நிலை திரும்ப வரக்கூடாது என்று அந்தத் தலைமுறை நினைத்தது. 1955-ல் பாண்டுங், 1961-ல் 25 நாடுகள் கூடிய பெல்கிரேடு மாநாடு எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

2025 அக்டோபர் 31 அன்று கோலாலம்பூரில் பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங்கும் அமெரிக்கத் தரப்பில் பீட் ஹெக்செத்தும் பத்தாண்டு ராணுவ ஒத்துழைப்புக்கு ஒரு கட்டமைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அதற்கு இரண்டு மாதம் முன்புதான் அதே அமெரிக்கா இந்தியச் சரக்குகள் மீது 50 சதவீத வரி போட்டிருந்தது. அதில் பாதி, ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்கியதற்குத் தண்டனை. திருப்பூரில் ஆர்டர்கள் நின்றன. ஒரு கையால் வரி, மறு கையால் ராணுவ ஒப்பந்தம். இதை எப்படிப் புரிந்துகொள்வது? டெல்லியின் நிபுணர்களிடம் கேட்டால் ‘வியூகத் தன்னாட்சி’ என்று ஒரு பெயர் சொல்வார்கள். கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இதைப் புரிந்துகொள்ள அதைவிடப் பழைய வழி ஒன்று இருக்கிறது.

கோவலூர்க் கணக்கு

திருக்கோவிலூர் இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் ஒரு வட்டம். சங்க காலத்தில் அது கோவலூர். மலையமான் திருமுடிக்காரியின் ஊர். கடையெழு வள்ளல்களில் ஒருவன் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். குதிரைகளையும் தேர்களையும் வாரிக் கொடுத்தவன் என்பதோடு பாடம் முடிந்துவிடும். ஆனால் அவன் பிழைப்பு என்ன என்பதைக் கபிலர் புறநானூற்றின் 122-ஆம் பாட்டில் சொல்லிவிடுகிறார். மூவேந்தரில் யாராவது ஒருவர் அவனைப் புகழ்ந்து, போருக்குத் துணை வரச் சொல்லிப் பொருள் அனுப்புவார். அந்தப் பொருளையும் அவன் இரவலர்க்குக் கொடுத்துவிடுவான். இன்றைய பாஷையில் சொன்னால், மூன்று வல்லரசுகளுக்கு நடுவே இருந்த ஒரு சிறு நாடு, எவரோடும் நிரந்தரமாகச் சேராமல், தன் படைக்கு விலை வைத்து வாழ்ந்தது. கபிலருக்கு அதில் குறை தெரியவில்லை. காரியின் பெருமிதம் என்றே அதைப் பாடுகிறார்.

இன்னொரு பாட்டு, 125. சோழன் பெருநற்கிள்ளிக்கும் சேரன் மாந்தரஞ்சேரல் இரும்பொறைக்கும் நடந்த போரில் தேர்வண்மலையன் என்ற மலையமான் சோழன் பக்கம் நின்றான். வென்ற சோழன், இவனால்தான் ஜெயித்தோம் என்றான். தோற்ற சேரனோ, இவன் மட்டும் இல்லாதிருந்தால் நாம் ஜெயித்திருப்போம் என்றான். எந்தச் சிறு நாட்டு வெளியுறவுச் செயலாளரும் சட்டம் போட்டு மாட்டிக்கொள்ள வேண்டிய வரி அது.

இதே கபிலருக்கு இன்னொரு நண்பன் இருந்தான், பறம்புமலைப் பாரி. பாரி யாருக்கும் துணை போகவில்லை, யாரையும் துணைக்கு அழைக்கவும் இல்லை. மூவேந்தரும் சேர்ந்து வந்து முற்றுகை போட்டார்கள். பாரி போனான், பறம்பும் போனது. அவன் பெண்ணைக் கபிலர் மலையமான் குடியில் சேர்த்துவிட்டுத் தீயில் இறங்கினார் என்று திருக்கோவிலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு சொல்கிறது. பெண்ணையாற்றின் நடுவே நிற்கும் பாறையைக் ‘கபிலர் குன்று’ என்று ஊரார் இன்றும் காட்டுகிறார்கள். எந்தப் பக்கமும் சாயாதவனின் மகள், எல்லாப் பக்கமும் போய்வந்தவனின் வீட்டில் அடைக்கலம் புகுந்தாள் என்பதுதான் அந்தக் கல்வெட்டின் அரசியல். பாரியைப் பற்றி உருகும் அளவுக்குக் காரியைப் பற்றி நாம் உருகுவதில்லை. ஆனால் ஒரு நாட்டை நடத்திக்கொண்டு போக வேண்டியவர்கள் கவனிக்க வேண்டியது காரியைத்தான்.

காரியின் கதையும் நன்றாக முடியவில்லை. சங்கப் பாடல்களைக் கோத்து அறிஞர்கள் சொல்வது இது: தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சி படையெடுத்து வந்து கோவலூரைப் பிடித்தான். பக்கத்துக்காரனிடம் ஊரை இழந்த காரி சேரனோடு நெருங்கினான். சேரனுக்காகக் கொல்லிமலை ஓரியைக் கொன்று, கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தான். அகநானூற்றின் 209-ஆம் பாட்டு அதைப் பதிவு செய்திருக்கிறது. ஓரியும் ஒரு வள்ளல், காரியைப் போலவே ஒரு மலைநாட்டுக் குறுநிலத் தலைவன். கல்வராயன் மலைக்குத் தென்மேற்கே எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருக்கிறது கொல்லி. பின்னொரு காலத்தில் சோழன் கிள்ளிவளவன் மலையமானின் சிறு பிள்ளைகளை யானைக் காலில் இடக் கொண்டுவந்து நிறுத்தினான். கோவூர் கிழார் வந்து வாதாடவில்லை என்றால் அந்த வம்சம் அன்றே முடிந்திருக்கும்.

துணைக்குப் போனதில் தப்பில்லை. வரமாட்டேன் என்று சொல்ல முடிந்தவரை விலை காரியின் கையில் இருந்தது. கோவலூர் பறிபோனபின் விலை சேரனின் கைக்குப் போய்விட்டது. இந்தியா எந்த வல்லரசோடு எந்த ஒப்பந்தம் போட்டாலும் நான் பார்ப்பது இது ஒன்றைத்தான்: மாட்டேன் என்று சொல்லும் வழி திறந்திருக்கிறதா?

நேருவின் இரண்டு கடிதங்கள்

1962 அக்டோபர் 20 அன்று சீனப் படை லடாக்கிலும் கிழக்கிலும் ஒரே நேரத்தில் தாக்கியது. நவம்பர் 19-ல் அசாமே கையை விட்டுப் போய்விடும் என்ற நிலை. அன்று ஒரே நாளில் நேரு அமெரிக்க அதிபர் கென்னடிக்கு இரண்டு கடிதங்கள் எழுதினார். ஒலியைவிட வேகமாகப் பறக்கும் போர் விமானங்களின் 12 படைப்பிரிவுகள், ரேடார்கள், பி-47 குண்டுவீச்சு விமானங்களின் இரண்டு படைப்பிரிவுகள் வேண்டும். நம் ஆட்கள் பழகும்வரை போர் விமானங்களையும் ரேடார்களையும் அமெரிக்கர்களே இயக்க வேண்டும் என்று கேட்டார். பெல்கிரேடு மாநாடு நடந்து பதினான்கு மாதம்தான் ஆகியிருந்தது. இரண்டே நாளில் சீனா தானாகப் போர் நிறுத்தம் அறிவித்துவிட்டதால், அந்த உதவி கேட்டபடி வந்து சேர வேண்டிய அவசியம் ஏற்படவில்லை. கடிதங்களின் முழு வாசகம் வெளியே வரப் பல பத்தாண்டுகள் ஆயின.

நேருவின் எதிரிகளுக்கு இது வெல்லம். கொள்கையைப் பேசியவர் முதல் அடியிலேயே அமெரிக்காவிடம் ஓடினார் என்பார்கள். ஆபத்து வந்தபோது யாரிடம் வேண்டுமானாலும் உதவி கேட்பதுதான் அணிசேராமை என்று ஆதரவாளர்கள் வாதாடலாம். இரண்டு தரப்பும் தவறவிடும் ஒரு சங்கதி இருக்கிறது. அந்த ஆண்டுதான் இந்தியா சோவியத்திடம் மிக்-21 வாங்கவும், அதை இங்கேயே செய்யவும் பேரம் முடித்திருந்தது. நல்ல நாளில் நிதானமாகப் பேசிப் போட்ட ஒப்பந்தம் அது. கென்னடிக்குப் போன கடிதம் ஊர் பற்றி எரியும்போது எழுதியது. கேட்பவரின் கழுத்து அமுங்கியிருக்கும் நேரத்தில் பேரம் எங்கே நடக்கும்?

பிறகு வந்த ஆண்டுகளில் அமெரிக்காவின் விலைப்பட்டியல் தெளிவாகவே தெரிந்தது. 1965 போரின்போது இந்தியா, பாகிஸ்தான் இரண்டுக்கும் ஆயுதம் கிடையாது என்று நிறுத்தியது. பஞ்ச காலத்தில் பி.எல்.480 கோதுமைக் கப்பல்களை அதிபர் ஜான்சன் எண்ணி எண்ணி அனுப்பியதை உணவு அமைச்சராக இருந்த நம் சி. சுப்பிரமணியம் அருகிலிருந்து பார்த்தார். பசுமைப் புரட்சிக்கு விதை அங்கேயும் விழுந்தது.

1971 ஆகஸ்ட் 9 அன்று டெல்லியில் சோவியத்தோடு இருபதாண்டு ஒப்பந்தம். இரு நாடுகளில் ஒன்று தாக்கப்பட்டால் உடனே கலந்து பேச வேண்டும் என்று ஒன்பதாவது பிரிவு. இந்தியாவின் அணிசேராக் கொள்கையை சோவியத் மதிக்கிறது என்று அதே ஒப்பந்தத்தின் நான்காவது பிரிவு! அரசியல் நகைச்சுவை தேடுகிறவர்கள் அதைப் படிக்கலாம். ஆனால் டிசம்பரில் அமெரிக்காவின் விமானந்தாங்கிக் கப்பல் ‘என்டர்பிரைஸ்’ வங்காள விரிகுடாவுக்குள் வந்தபோது அந்த ஒப்பந்தம் வெறும் காகிதமாக இருக்கவில்லை. சோவியத் கப்பல்களும் பின்தொடர்ந்து வந்தன. டிசம்பர் 16-ல் டாக்கா விழுந்தது.

அந்த உறவின் தடம் தமிழ்நாட்டில் இன்றும் கிடக்கிறது. ஆவடி டாங்கி ஆலை பிரிட்டனின் விக்கர்ஸ் உதவியில் ‘விஜயந்தா’ செய்து தொடங்கியது. பிறகு ரஷ்யாவின் டி-72, டி-90 வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டன. கூடங்குளம் 1988 நவம்பரில் ராஜீவும் கோர்பச்சேவும் போட்ட கையெழுத்து. தஞ்சாவூர் விமானத் தளத்தில் 2020 ஜனவரியிலிருந்து நிற்பவை பிரம்மோஸ் தாங்கிய சுகோய்-30கள்.

நண்பன் என்று ரஷ்யாவும் விலையைக் குறைத்துக்கொண்டதில்லை. ‘விக்ரமாதித்யா’ விமானந்தாங்கிக் கப்பலுக்கு 2004-ல் பேசியது 97 கோடி டாலர். 2013-ல் கப்பல் கைக்கு வந்தபோது அது 230 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. டிராக்டர் வாங்கிய எந்த விவசாயிக்கும் இது தெரியும்: வாங்குவது ஒரு நாள், உதிரிபாகத்துக்கு அதே டீலரின் கடை வாசலில் நிற்பது இருபது வருஷம்.

அரக்கோணத்தின் ஓடுதளம்

இந்தக் கதை முழுவதையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமென்றால் அரக்கோணத்துக்குப் போக வேண்டும். கடற்படையின் ‘ராஜாளி’ விமானத் தளம் 1992-ல் அங்கே தொடங்கியது. கடலில் மறைந்து போகும் நீர்மூழ்கிகளைத் தேட அங்கிருந்து பறந்தவை சோவியத்தின் டியூ-142 விமானங்கள். நான்கு இன்ஜின், ஒவ்வொன்றிலும் எதிரெதிர்த் திசையில் சுற்றும் இரட்டை விசிறி. கனத்த இரைச்சல். 2013 மே மாதம் அதே ஓடுதளத்தில் அமெரிக்க போயிங் நிறுவனத்தின் பி-8ஐ வந்து இறங்கியது. 2017 மார்ச் 29 அன்று டியூ-142க்கு அங்கேயே வழியனுப்பு விழா. நான்கு ஆண்டுகள் இரண்டும் ஒரே தளத்தில் இருந்தன. 2020 நவம்பரில் வாடகைக்கு எடுத்த இரண்டு அமெரிக்க ஆளில்லா விமானங்களும் அங்கே வந்து சேர்ந்தன.

பி-8ஐ வந்தபோது அதில் ஒரு குறை இருந்தது. அமெரிக்கக் கடற்படையின் அதே ரக விமானத்தில் இருக்கும் ரகசியத் தகவல் தொடர்புக் கருவிகள் இதில் இல்லை. அவற்றைத் தர வேண்டுமானால் ஓர் ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திட வேண்டும் என்றது அமெரிக்கா. மன்மோகன் அரசு தயங்கியது. நம் கருவிகளையும் சந்தையில் கிடைத்தவற்றையும் பொருத்திக்கொண்டு விமானங்கள் பறந்தன. 2018 செப்டம்பர் 6-ல்தான் ‘காம்காசா’ என்ற பெயரில் அது கையெழுத்தானது. ஐந்து ஆண்டு மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே விமானத்தை ஓட்ட முடிந்தது என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

அதற்கு முன் 2016 ஆகஸ்ட் 29-ல் ‘லெமோவா’. ஒரு நாட்டின் போர்க்கப்பலும் விமானமும் மற்ற நாட்டின் துறைமுகத்திலும் தளத்திலும் எரிபொருள், உணவு, பழுதுபார்ப்பு வசதியைப் பெற்றுக்கொண்டு பிறகு கணக்குத் தீர்ப்பதற்கான ஏற்பாடு இது. தளம் அமைக்கும் உரிமை இதில் இல்லை. ஒவ்வொரு முறையும் தனியாக அனுமதி கேட்க வேண்டும். கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 2020 செப்டம்பரில் அமெரிக்காவின் பி-8 விமானம் ஒன்று போர்ட் பிளேரில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போனது. அடுத்த மாதமே, லடாக்கில் சீனப் படை எதிரே நிற்கும்போது, வரைபடங்களையும் செயற்கைக்கோள் தரவுகளையும் பகிரும் ‘பெகா’ ஒப்பந்தம். கல்வான் மோதல் நடந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. அதிலும் 1962 நவம்பரின் சாயல் கொஞ்சம் உண்டு.

2022 ஆகஸ்டில் சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளி கப்பல் கட்டும் தளத்துக்கு ‘சார்லஸ் ட்ரூ’ என்ற அமெரிக்கக் கடற்படையின் சரக்குக் கப்பல் பழுதுபார்க்க வந்தது. இந்தியாவில் அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்றுக்குப் பழுது பார்ப்பது அதுவே முதல் முறை. போராட்டம் எதுவும் பெரிதாக நடக்கவில்லை. பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு, 2007 ஜூலையில் அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் ‘நிமிட்ஸ்’ சென்னைக்கு வெளியே நங்கூரமிட்டபோது இடதுசாரிகளும் அ.தி.மு.க.வும் தெருவில் இறங்கினார்கள். அந்தச் செப்டம்பரில் ஐந்து நாடுகளின் கடற்படைகள் வங்கக் கடலில் ‘மலபார்’ பயிற்சி நடத்தியபோது சென்னையிலிருந்து விசாகப்பட்டினத்துக்கு இடதுசாரிகள் பிரசாரப் பயணமே போனார்கள். 2017-ல் அதே ‘நிமிட்ஸ்’ மலபார் பயிற்சிக்குத் திரும்பி வந்தபோது நம்மூரில் செல்ஃபிக்கு ஏங்கியவர்கள்தான் அதிகம்.

இன்னும் பழைய கதை ஒன்று. 1991 ஜனவரியில் வளைகுடாப் போருக்குப் போகும் அமெரிக்க ராணுவ விமானங்களுக்கு பம்பாய், ஆக்ரா, மதராஸ் விமான நிலையங்களில் எரிபொருள் நிரப்ப சந்திரசேகர் அரசு சத்தமில்லாமல் அனுமதி கொடுத்தது. தி.மு.க. ஆட்சியை அந்த மாதக் கடைசியில் கலைத்த அதே அரசு. படம் பத்திரிகையில் வந்து, ராஜீவ் எதிர்த்து, பிப்ரவரியில் நிறுத்தினார்கள். டாலர் கையிருப்பு தீர்ந்து தங்கத்தை அடகு வைக்கப் போகிற ஆண்டு அது. கழுத்து அமுங்கியிருந்த இன்னொரு நேரம். அதே 1991 செப்டம்பரில், அமெரிக்கத் தளங்கள் நெடுங்காலமாக இருந்த பிலிப்பைன்ஸில், செனட் கூடி வாக்கெடுத்து, தளங்களை நீட்டிக்கும் ஒப்பந்தத்தை 12-க்கு 11 என்று தள்ளியது. அடுத்த ஆண்டு சூபிக் விரிகுடாவை விட்டு அமெரிக்கக் கடற்படை வெளியேறியது. பகிரங்கமாக, பெயர் சொல்லி, கை தூக்கி எடுத்த முடிவு.

மலைக்கு வரும் விலை

இதெல்லாம் அரக்கோணத்துக்கும் விசாகப்பட்டினத்துக்கும், கள்ளக்குறிச்சிக்கு என்ன? சின்னசேலம் பக்கமும் கல்வராயன் மலையிலும் மரவள்ளி போடுகிறவர்களிடம் பொட்டாஷ் பற்றிக் கேட்டால் தெரியும். கிழங்கு திரள வேண்டுமென்றால் அது வேண்டும். இந்தியாவில் பொட்டாஷ் தோண்டி எடுப்பதில்லை, மொத்தமும் இறக்குமதி. தரும் நாடுகளில் ரஷ்யாவும் பெலாரஸும் பெரிய புள்ளிகள். 2022 பிப்ரவரியில் உக்ரைனில் போர் தொடங்கிய பிறகு 50 கிலோ மூட்டை 1,700 ரூபாய்வரை போனது. ரஷ்யாவைக் கண்டிக்கும் ஐ.நா. தீர்மானங்களில் இந்தியா நடுநிலை வகித்ததைப் பற்றி டெல்லியில் தார்மிக விவாதம் நடந்துகொண்டிருந்தபோது, கச்சிராயபாளையத்துக்காரரின் கவலை உரக்கடையில் சரக்கு இருக்கிறதா என்பது. இரண்டும் ஒரே விஷயத்தின் இரண்டு முனைகள்.

கச்சிராயபாளையத்திலிருந்து கோமுகி அணையைத் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறும் சாலையில் போனால் இறையாண்மை பற்றி வேறொரு பாடமும் கிடைக்கும். 1947-ல் நாடு சுதந்திரம் பெற்றபிறகும் இந்த மலை மூன்று ஜாகிர்தார்களின் கையில் இருந்தது: சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் பாளையங்கள். மலையாளிப் பழங்குடி மக்கள் அவர்களுக்கு வரியும் உழைப்பும் கொடுத்தார்கள். அரசு மலையைத் தன் கையில் எடுத்தது 1976-ல், அதுவும் நெருக்கடி நிலைக் காலத்தில். இங்குள்ள மக்களின் அடிப்படை வசதிகள் பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது 2024-ல். ‘தேச நலன்’ என்று டெல்லி சொல்லும்போது அந்த தேசத்தில் இந்த மலையின் கரியாலூரும் சேர்த்திதானே என்று கேட்கத் தோன்றுவது இதனால்தான்.

இப்போதைய கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 2025 செப்டம்பரில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் ஒரு படைப்பிரிவு அலாஸ்காவில் அமெரிக்கப் படையோடு ‘யுத் அப்யாஸ்’ பயிற்சியில் இருந்தது. அதே மாதம் 65 இந்திய வீரர்கள் ரஷ்யாவில் ‘ஸாபாட்’ பயிற்சியில் இருந்தார்கள். ஒரே நேரத்தில் இரண்டு பேரிடமும் ஆள் அனுப்பக்கூடிய நாடுகள் உலகில் அதிகம் இல்லை. எஸ்-400 ஏவுகணை அமைப்பை ரஷ்யாவிடம் வாங்கிய துருக்கி மீது அமெரிக்கா தடை போட்டது. எஃப்-35 திட்டத்திலிருந்தும் வெளியேற்றியது. அதையே 2018-ல் 543 கோடி டாலருக்கு ஒப்பந்தம் செய்த இந்தியா மீது தடை வரவில்லை. துருக்கி நேட்டோவில் கையெழுத்திட்ட நாடு. இந்தியா எதிலும் இல்லை. இதுவரை காரி கோவலூரில்தான் இருக்கிறான்.

என் கவலை லெமோவா, பெகா போன்ற ஒப்பந்தங்களைப் பற்றியதில்லை. அவற்றில் ஒவ்வொரு முறையும் மறுக்க வழி இருக்கிறது. மறுக்க வழி இல்லாத இடம் இன்ஜினில் இருக்கிறது. கோவைக்கு அருகே சூலூரில் நிற்கும் தேஜஸ் விமானங்கள் நாம் வடிவமைத்தவை. உள்ளே ஓடுவது அமெரிக்க ஜி.இ. நிறுவனத்தின் எஃப்-404. அடுத்த ரகத்துக்காக 2021-ல் 99 இன்ஜின்கள் கேட்டோம். முதல் இன்ஜின் கைக்கு வந்தது 2025 மார்ச்சில். விமானக் கூடுகள் தயாராகி இன்ஜினுக்குக் காத்துக்கிடந்தன. 1998-ல் பொக்ரான் வெடித்ததும் இதே தேஜஸுக்காக அமெரிக்காவில் வேலை செய்துகொண்டிருந்த நம் பொறியாளர்களைத் திருப்பி அனுப்பியதை விமானத் துறையில் இருப்பவர்கள் மறக்கவில்லை. எந்த ஒப்பந்தத்திலும் எழுதப்படாத கட்டாயம் இதுதான். மேடையில் எவ்வளவு அணிசேராமை பேசினாலும் சொந்தமாக ஜெட் இன்ஜின் செய்யாதவரை டெல்லியின் ‘மாட்டேன்’ அரைக்குரலில்தான் ஒலிக்கும். எழுபதாண்டுகளில் அதைச் செய்யாமல் விட்டது வெளிநாட்டுச் சதி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கொழும்பிலிருந்து பார்த்தால்

இதுவரை இந்தியாவைக் காரியாகவே வைத்துப் பேசினோம். பாக் ஜலசந்திக்கு அந்தப் பக்கம் போனால் வேஷம் மாறிவிடும். 1987 ஜூலை 29 ஒப்பந்தத்தோடு ராஜீவும் ஜெயவர்த்தனவும் மாற்றிக்கொண்ட கடிதங்களில், திருகோணமலையை இந்தியாவின் நலனுக்குக் கேடாக எந்த நாட்டின் ராணுவமும் பயன்படுத்த விடக்கூடாது என்று எழுதி வாங்கினோம். அந்த ஒப்பந்தத்தை எதிர்த்து ஆயுதம் தூக்கியது ஜே.வி.பி. அதே கட்சியின் தலைவர் அநுர குமார திசாநாயக்க அதிபராக இருக்கும்போது, 2025 ஏப்ரல் 5 அன்று மோடியின் கொழும்புப் பயணத்தில் இந்தியாவும் இலங்கையும் பாதுகாப்பு ஒத்துழைப்பு உடன்பாட்டில் கையெழுத்திட்டன. 2022 ஆகஸ்டில் சீனாவின் ‘யுவான் வாங் 5’ கப்பல் அம்பாந்தோட்டைக்கு வந்ததிலிருந்து டெல்லி விரும்பிய உடன்பாடு அது. 2022-ல் அந்நியச் செலாவணி தீர்ந்து திவாலான நாட்டுக்கு 400 கோடி டாலர் அளவுக்குக் கை கொடுத்தது இந்தியா. விலை பேசும் இடத்தில் அப்போது கொழும்பு இல்லை.

உடன்பாட்டின் முழு வாசகத்தை மக்களுக்குக் காட்டுங்கள் என்று இலங்கையில் குரல் எழுந்தது. அது நியாயமான குரல். இந்தியாவிலும் அதே குறை இருக்கிறது. வெளிநாட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட இங்கே அரசுக்கு நாடாளுமன்றத்தின் ஒப்புதல் தேவையில்லை. லெமோவாவும் காம்காசாவும் பெகாவும் அவையில் வாக்கெடுப்புக்கு வரவில்லை. ராணுவ ரகசியத்தை நடுத்தெருவில் போடச் சொல்லவில்லை. எந்தக் கப்பலுக்கு எந்தத் துறைமுகம், யார் அனுமதி கொடுப்பது, எப்போது மறுக்கலாம் என்பவை ரகசியமாக இருக்க வேண்டியவை இல்லை. தமிழ்நாட்டிலிருந்து 39 பேர் மக்களவையில் உட்கார்ந்திருக்கிறார்கள். பாதுகாப்புத் துறைக்கு ஒரு நிலைக்குழு இருக்கிறது. காட்டுப்பள்ளியும் அரக்கோணமும் சூலூரும் தஞ்சாவூரும் நம் மாநிலத்தில் இருக்கின்றன. கோலாலம்பூரில் போட்ட பத்தாண்டுக் கட்டமைப்பு 2035 வரை ஓடப்போகிறது. அதன் வாசகத்தையும் கொழும்பு உடன்பாட்டின் வாசகத்தையும் அவையில் வைக்கச் சொல்லி இந்த 39 பேரில் ஒருவராவது எழுந்து கேட்கட்டும். அடுத்த கூட்டத்தொடரிலேயே கேட்கலாம்.